ஃப்ரீஸ்டைலில் 150 மீட்டர் தாண்டினாலே மூச்சு வாங்குது: 2 கைக்கு ஒரு மூச்சா, 3 கைக்கா?

மெதுமீன்:

எல்லாருக்கும் வணக்கம். 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலை நிக்காம நீந்தணும், அதுக்கப்புறம் திறந்த தண்ணில 3 கிலோமீட்டர். இலக்கு இதுதான். இப்போதைய நிலவரம்: 25 மீட்டர் குளம். 100 மீட்டர் 2:05-ல முடியுது, பெருசா சிரமம் தெரியல. 150-ஐத் தாண்டினா மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அரை நிமிஷம் நின்னா சரியாப் போயிடுது. தோள்ல வலி கிடையாது, கால்ல பிடிப்பு கிடையாது, மூச்சு ஒண்ணுதான் பிரச்சினை. தரையில 10 கிலோமீட்டர் ஓட முடியுது, அதனால உடம்புல தெம்பு இல்லன்னு சொல்ல முடியல.

பழகுறது 3 கைக்கு ஒரு மூச்சு (வலதோ இடதோ ஒரு தடவை கை போட்டா அது ஒரு கை), வலது இடது மாறி மாறி. அதுதான் சரியான முறைன்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க. 2 கைக்கு ஒரு மூச்சுன்னு மாத்தினா கொஞ்சம் தேவலை, ஆனா வலது பக்கம் மட்டும் திரும்புறதால லேன் கயித்துப் பக்கமா ஒதுங்கிடறேன். இடது பக்கம் திரும்பினா பாதி நேரம் வாயில தண்ணிதான் வருது.

நீண்ட தூரத்துக்கு எந்தக் கணக்கு நல்லது? தண்ணிக்குள்ள மூச்சைச் சிறுகச் சிறுக விடணுமா, கடைசியில மொத்தமா ஊதணுமா? 5 கை, 7 கைக்கு ஒரு மூச்சுன்னு தம் கட்டிப் பழகினா நுரையீரல் பலம் கூடுமா?

உப்புநீர்:

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். உங்கள் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 கை விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 கைக்கு ஒரு மூச்சு என்றால் நிமிடத்துக்கு 17 மூச்சுதான். 2 கைக்கு என்றால் 25. இதே அளவு உழைப்பில் தரையில் ஓடினால் உங்கள் உடம்பு 30, 40 என்று தானாகவே எடுத்துக்கொள்ளும், நீங்கள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டீர்கள். தண்ணீரில் அந்த வசதி இல்லை. கை சுழலும்போது கிடைக்கும் இடைவெளியில்தான் மூச்சு. தேவைக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு 150 மீட்டரில் இரைக்கிறது என்றால் உடம்பைக் குறை சொல்ல முடியாது.

எனவே நேரடிப் பதில்: நீண்ட தூரத்துக்கு 2 கைக்கு ஒரு மூச்சு எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. 1500 மீட்டர் பந்தயங்களில் உலகத் தரத்து நீச்சல்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நீந்துகிறார்கள். அமெரிக்க வீராங்கனை கேட்டி லெடெக்கி பெரும்பாலும் வலப்பக்கமே மூச்சு எடுப்பவர். ஆண்கள் 1500 மீட்டரில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுன் யாங் எடுத்த 14:31.02, 2024 பாரிசில் பாபி ஃபிங்க் 14:30.67-ல் முடிக்கும்வரை உலக சாதனையாக இருந்தது. சுன் யாங் நீந்திய முறையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நடுக்குளத்தில் 2 கைக்கு ஒரு மூச்சு. சுவரை நெருங்கும்போதும், திரும்பி மேலே வந்ததும், அடுத்தடுத்த கைகளுக்கு இரு பக்கமும் மூச்சு எடுப்பார். டர்ன் அடித்து, சுவரை உதைத்து, நீருக்கடியில் சறுக்கும் நேரம் முழுக்க மூச்சே கிடையாது அல்லவா, அந்தக் கடனை முன்னும் பின்னும் அடைக்கிறார். நீங்கள் 25 மீட்டர் குளத்தில் 1500 நீந்தும்போது இந்தக் கடன் 59 முறை வரும். சுவரை விட்டு மேலே வந்த இரண்டாவது கையிலேயே மூச்சு எடுங்கள். நாலைந்து கை தள்ளிப் போடாதீர்கள்.

அப்படியானால் 3 கைக் கணக்கை ஏன் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள்? இரு பக்கமும் உடல் சமமாகப் புரள வேண்டும், ஒரு தோளிலேயே சுமை ஏறக்கூடாது என்பதற்காக. பயிற்சிக்கு அது நல்ல கருவி. அதையே 1500-க்கும் சட்டமாக்க வேண்டியதில்லை. இடையில் ஒரு வழி உண்டு: வலப்பக்கம் இரண்டு மூச்சு, பிறகு 3 கை கடந்து இடப்பக்கம் இரண்டு மூச்சு, மறுபடி 3 கை கடந்து வலம். 5 கைக்கு 2 மூச்சு ஆகிறது, நிமிடத்துக்கு 20. இதுவும் போதவில்லை என்றால் 2 கைக் கணக்கிலேயே, ஒரு லெங்த் (குளத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை) வலம், அடுத்த லெங்த் இடம். குளத்தின் ஒரே சுவரைப் பார்த்தபடியே போவீர்கள், எண்ணவும் வேண்டாம்.

இப்போது மூச்சு விடும் விதம். மூச்சுமுட்டும் உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவு அல்ல, இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. முகம் நீருக்குள் இருக்கும்போது தம் கட்டிக்கொண்டு, வாய் வெளியே வரும் அரை வினாடிக்குள் பழைய காற்றை விட்டுப் புதிய காற்றையும் இழுக்கப் பார்த்தால் இரண்டுமே அரைகுறையாக முடியும். அரைகுறை மூச்சு பத்து, இருபது என்று சேர்ந்தால் உங்கள் 150 மீட்டர் வந்துவிடும். சுவரில் அரை நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறது என்று நீங்கள் சொல்வதும் இதனோடு பொருந்துகிறது.

முகம் நீரில் படிந்ததும் மூக்கு வழியாக மெல்ல முனகுவதுபோல் விட ஆரம்பியுங்கள். சின்னக் குமிழிகள் தொடர்ந்து வரவேண்டும். கை இழுக்க இழுக்க அளவைக் கூட்டுங்கள். வாய் நீரைவிட்டு வெளிவரும் தறுவாயில் வாயும் மூக்குமாக ஒரு அழுத்தமான ஊதல். உதட்டோரம் நிற்கும் தண்ணீரை அதுவே தள்ளிவிடும். வெளியே வந்தபின் இழுப்பது மட்டும்தான் வேலை.

இரண்டு விவரம் வேண்டும். 200 மீட்டர் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? தொடைக்கு இடையில் புல் பாய் (இடுப்பைத் தூக்கிப் பிடிக்கும் சிறு மிதவை) வைத்து, காலை அடிக்காமல் நீந்தினால் எவ்வளவு தூரம் போக முடிகிறது?

பாசிமணி:

சிறுகச் சிறுக எல்லாம் வேணாம். தண்ணிக்குள்ள நுரையீரலை முழுக்கக் காலி பண்ணிடணும். உள்ள இருக்கிற கெட்ட காத்து போனாத்தான் நல்ல காத்துக்கு இடம். ரொம்பப் பேருக்கு இது ஒண்ணுலயே பிரச்சினை தீர்ந்துடும்.

உப்புநீர்:

@பாசிமணி, தம் கட்டியே பழகியவருக்கு அந்த அறிவுரை ஓரளவு உதவும், ஆனால் சொன்னபடியே செய்தால் வேறு சிக்கல். நெஞ்சுக்கூட்டில் இருக்கும் காற்றுதான் மேலுடலை மிதக்க வைக்கிறது. முழுக்க ஊதிவிட்டால் உடம்பு ஓரிரு விரற்கடை தாழும், அடுத்த மூச்சுக்கு அதிக உயரம் ஏறவேண்டி வரும், தலையைத் தூக்குவோம், கால் அமிழும். அது போக, நெஞ்சைச் சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்துக்கு எதிராகத்தான் மூச்சை உள்ளே இழுக்கிறோம். அடிவரை காலியான நுரையீரலை அரை வினாடியில் நிரப்புவது மூச்சுத் தசைகளுக்குக் கூடுதல் வேலை. சாதாரணமாக ஓடும்போது விடும் அளவுக்கு விட்டால் போதும். அடிவயிற்றை இறுக்கிப் பிழிய வேண்டாம்.

கெண்டைக்கால்:

கணக்கை உப்புநீர் சொல்லிட்டார். வாயில தண்ணி வர்றதும் கயித்துப் பக்கம் ஒதுங்குறதும் கணக்கால வர்ற பிரச்சினை இல்ல. முன்னால நீட்டியிருக்கிற கை என்ன பண்ணுதுன்னு பாருங்க.

நீங்க இடது பக்கம் மூச்சுக்குத் திரும்பும்போது வலது கை முன்னால நீண்டு நிக்கணும். பழகாத பக்கத்துல வாய்க்குக் காத்து கிடைக்காதோங்கிற பயத்துல அந்த வலது கை தண்ணிய கீழே அழுத்தும், மேஜை விளிம்பை அமுக்கி எழுந்திருக்கிற மாதிரி. தலை ஒரு நொடி மேல வரும், உடனே கை அடிக்குப் போயிடும், தாங்க ஒண்ணும் இருக்காது, தலை சரியும், வாயில தண்ணி. அதே சமயம் அடுத்த இழுப்புக்குப் பிடிமானமும் போச்சு. ஒரு மூச்சுக்கு ஒரு இழுப்பு வீண். பக்கத்துல இருந்து யாராவது தண்ணிக்கடியில வீடியோ எடுத்தா ஒரே லெங்த்ல தெரிஞ்சிடும்: மூச்சு எடுக்கிற நேரத்துல முன்கை, அதாவது முன்னால நீட்டின கை, நீரோட மேல்மட்டத்துக்குக் கீழ ஒரு சாண் அளவுல இருக்கா, இல்ல ஏற்கெனவே செங்குத்தாத் தொங்குதா?

கயித்துப் பக்கம் போறதுக்கும் கைதான் காரணம். வலது பக்கம் திரும்பும்போது நீட்டின இடது கை மூக்குக்கு நேரா, சில பேருக்கு அதையும் தாண்டி வலது பக்கம் போயிடும். கை நடுக்கோட்டைத் தாண்டினா இடுப்பு எதிர்ப்பக்கம் வளையும், அதைச் சமாளிக்கக் கால் ரெண்டும் கத்திரிக்கோல் மாதிரி விரியும். விரிஞ்ச கால் பிரேக்தான். தீர்வு: கை தோளுக்கு நேரா விழணும், நடுவிரல் முதல்ல, உள்ளங்கை கீழ நோக்கி. கட்டைவிரல் முதல்ல போற மாதிரி உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பி விடாதீங்க. தோள் உள்பக்கமா முறுக்கிக்கும், தூரம் கூடக்கூட வலி அங்கதான் ஆரம்பிக்கும். தோளுக்கு நேரா விட்டாலே ரொம்ப அகலமா விட்ட மாதிரி உங்களுக்குத் தோணும், அதுதான் சரியான இடம்.

அடுத்தது தலை எப்போ திரும்பணும். மூச்சுப் பக்கத்துக் கை தொடையை நோக்கித் தள்ளும்போதே உடம்பு புரள ஆரம்பிக்குது, தலை அதோடவே போகணும். கை தண்ணிய விட்டு வெளிய வர்ற நேரத்துல வாய் வெளிய இருக்கணும். அந்தக் கை தோளைத் தாண்டி முன்னால வர்றதுக்குள்ள முகம் உள்ள போயிடணும். நிறையப் பேர் கை காத்துல பாதி தூரம் வந்த பிறகுதான் திரும்பவே ஆரம்பிப்பாங்க. அதுக்குள்ள உடம்பு மறுபடி தட்டையாயிருக்கும், கழுத்தை மட்டும் முறுக்கணும். இடது பக்கம் தண்ணி குடிக்கிறதுல பாதிக்கு மேல இந்தத் தாமதம்தான்.

திரும்புற அளவு: ஒரு கண்ணு தண்ணிக்குள்ள, ஒரு கண்ணு வெளிய. ரெண்டு கண்ணாலயும் கூரையைப் பார்த்தா அதிகம். நீங்க முன்னால போகும்போது தலைக்கு முன்னால சின்ன அலை எழும்பி, கன்னத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் விழும். வாய் அந்தப் பள்ளத்துல இருந்தாப் போதும், தண்ணி மட்டத்துக்கு மேல தூக்க வேண்டாம். வாயை லேசா அந்தப் பக்கம் கோணிக்கிட்டா இன்னும் வசதி. பாக்க அழகா இருக்காது, பரவாயில்ல. மூச்சு எடுக்காத நேரத்துல பார்வை நேர் கீழயோ, ஒரு மீட்டர் முன்னாலயோ. சுவத்தைத் தேடி முன்னால பாத்துக்கிட்டே போனா இடுப்பு இறங்கும்.

பயிற்சி மூணு போதும். முதல்ல, ஃபின்ஸ் (பாதத்துல மாட்டுற துடுப்பு) மாட்டிக்கிட்டுப் பக்கவாட்டு கிக்: ஒரு கை முன்னால, ஒரு கை தொடை மேல, முகம் கீழ, 6 கிக், முகத்தை மட்டும் திருப்பி மூச்சு, மறுபடி 6 கிக். முன்கை மூச்சு எடுக்கும்போது இறங்குதான்னு மட்டும் கவனம். ரெண்டாவது, அதே நிலையில இருந்து 6 கிக், ஒரு கை, மறுபக்கம் 6 கிக். மூணாவதுதான் கஷ்டம்: ஒரு கை உடம்போட ஒட்டியே இருக்கட்டும், இன்னொரு கையால மட்டும் நீந்துங்க, மூச்சு ஒட்டியிருக்கிற கைப் பக்கம். புரளாம மூச்சு எடுக்கவே முடியாது, அதனால புரளக் கத்துக்கும் உடம்பு. ஃபின்ஸ் இல்லாம இதை ஆரம்பிக்காதீங்க, வெறுப்புதான் வரும்.

கரையோரம்:

5 கை, 7 கை கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் நான்.

நுரையீரலின் கொள்ளளவு அதனால் கூடாது. கரியமில வாயு ஏறும்போது வரும் பதற்றத்தைத் தாங்கும் பழக்கம் கொஞ்சம் வரும், கை நிதானமாகும், அவ்வளவுதான். 4×50 (50 மீட்டர் நான்கு முறை), லெங்த்துக்கு லெங்த் 3, 5, 3, 5 கைக்கு ஒரு மூச்சு என்று நிதான வேகத்தில் எப்போதாவது செய்யலாம். ஒரு முழு லெங்த்தை மூச்சில்லாமல் நீந்துவது, நீருக்கடியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பது, அதற்குமுன் வேகவேகமாக ஆழ்மூச்சு இழுத்துக்கொள்வது, இவை வேண்டவே வேண்டாம். வேகமாக ஆழ்மூச்சு விட்டால் பிராணவாயு பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. மேலே வா என்று எச்சரிக்கும் மணியை நாமே கழற்றி வைப்பதாகிவிடும். பிராணவாயு தீர்ந்து நினைவு தப்பும்போது முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், ஆழம் குறைந்த குளத்தில், இப்படித்தான் இறந்துபோகிறார்கள். தனியாக இருக்கும்போது தம் கட்டும் பயிற்சி எதுவும் கூடாது.

மெதுமீன்:

ரொம்ப நன்றி. உப்புநீர் கேட்ட விவரம்: 200 மீட்டர் 4:32. முதல் 100 2:05, ரெண்டாவது 2:27, கடைசி லெங்த் கிட்டத்தட்ட தவிப்பு. ஆனா புல் பாய் வெச்சா 2:15 வேகத்துல 400 மீட்டர் நிக்காமப் போக முடியுது, மூச்சும் அவ்வளவா வாங்கல. இதை நான் பெருசா நினைக்கல, புல் பாய் வெச்சா எல்லாருக்கும் சுலபம்தானே?

கெண்டைக்கால்:

சுலபம்தான், ஆனா 150-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமில்ல. புல் பாய் ரெண்டு காரியம் பண்ணுது: இடுப்பைத் தூக்குது, கிக்கை நிறுத்துது. ரெண்டும் சேர்ந்ததும் உங்க மூச்சு சரியாயிடுது. அப்போ மூச்சைத் தின்னுறது கால்.

ஓடுறவங்களுக்கு இது வழக்கமா வர்றது. ஓட்டத்துல கணுக்கால் விறைப்பா இருக்கிறது நல்லது. தண்ணில பாதம் பின்னால நீண்டு தளர்வா இருக்கணும். விறைச்ச கணுக்காலோட முட்டியை மடக்கி அடிச்சா பாதம் தண்ணிய முன்பக்கமாத் தள்ளும். கிக் போர்டு பிடிச்சு 25 மீட்டர் கிக் மட்டும் பண்ணிப் பாருங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா, இல்ல ஒரே இடத்துல நிக்கிற மாதிரி இருந்தா, சந்தேகமே வேண்டாம். தொடைத் தசைதான் உடம்புல பெருசு. அது கேக்கிற பிராணவாயுவும் பெருசு. முன்னால நகர்த்தாத வேலைக்கு அத்தனையும் செலவாகுது.

நீண்ட தூரத்துக்கு, ரெண்டு கையும் ஒரு சுத்து முடியறதுக்குள்ள 6 கிக் வேண்டியதில்ல. 2 கிக் முறை: ஒரு கைக்கு ஒரு கிக். வலது கை முன்னால தண்ணிக்குள்ள நீளும்போது இடது கால் கீழ அடிக்கணும், இடது கை நீளும்போது வலது கால். அந்த அடி இடுப்பைப் புரட்டிவிடுது, அதுதான் அதோட வேலை, வேகம் குடுக்கிறது இல்ல. அடிக்காத நேரம் கால் ரெண்டும் சேர்ந்து நீண்டு சும்மா இருக்கும். ஆரம்பத்துல குழம்பும். மெதுவா நீந்தி ஒரு காலை மட்டும் கவனிங்க: வலது கை, இடது கால். மத்தது தானா வந்துடும். அடி இடுப்புல இருந்து, முட்டி லேசாத்தான் மடங்கணும். பாதம் தண்ணிக்கு மேல வந்து சளார்னு அடிச்சா முட்டி அதிகமா மடங்குது.

கணுக்காலுக்கு: முட்டி போட்டு, பாதத்தோட மேல்பக்கம் தரையில படுற மாதிரி குதிகால் மேல உக்காருங்க. 30 வினாடி, நாலு தடவை, தினமும். முட்டில கோளாறு இருந்தா நாற்காலில உக்காந்து கையால பாதத்தை நீட்டி விடுங்க.

புல் பாய்லயே தங்கிடாதீங்க. இடுப்பு எந்த உயரத்துல இருக்கணும்னு உடம்புக்குக் காட்ட அது நல்லது. 50 மீட்டர் அதோட, 50 மீட்டர் அது இல்லாம, அதே உயரத்தைத் தேடுங்க.

உப்புநீர்:

உங்கள் 200 மீட்டர் நேரம் இன்னொன்றையும் சொல்கிறது. இரண்டாவது 100-ல் 22 வினாடி விழுந்திருக்கிறது. 2:05 உங்கள் 100 மீட்டர் வேகம். 1500-ன் வேகம் அது அல்ல. இப்போதைக்கு 2:20 என்று வைத்துப் பழகுங்கள். அந்த வேகத்தில் 1500 மீட்டர் 35 நிமிடம்.

வாரம் மூன்று நாள் இப்படிச் செய்யலாம். 200 மீட்டர் சோம்பலாக, விருப்பம்போல நின்று நின்று. பிறகு கெண்டைக்கால் சொன்ன பயிற்சிகள் 6×50, ஃபின்ஸோடு. பிறகு முக்கியப் பகுதி 16×50, ஒவ்வொன்றும் 1:08 முதல் 1:10-க்குள், நடுவில் 15 வினாடி ஓய்வு, 2 கைக்கு ஒரு மூச்சு, ஒரு லெங்த் வலம், ஒரு லெங்த் இடம். முதல் நான்கு 50 அபத்தமான அளவுக்கு மெதுவாகத் தோன்றும். தோன்றட்டும். கடைசி நான்கும் முதல் நான்கும் ஒரே நேரத்தில் முடிந்து, சுவரில் நாலைந்து மூச்சில் சுவாசம் அடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்: 10×100, 20 வினாடி ஓய்வு. பிறகு 5×200, அதே ஓய்வு. பிறகு 3×500, 30 வினாடி ஓய்வு. 3×500-ல் வேகம் குலையவில்லை என்றால் 1500 நிற்காமல் வந்துவிடும். ஒரு படியில் சறுக்கினால் ஓய்வை நீட்டாதீர்கள். வேகத்தை 100-க்கு 3 வினாடி குறையுங்கள்.

400 மீட்டர் புல் பாய் இல்லாமல் போக முடிந்ததும் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். நன்றாக உடம்பைச் சூடாக்கிவிட்டு, 400 மீட்டர் முடிந்த வேகத்தில். முழுதாக ஓய்வெடுத்து 200 மீட்டர் முடிந்த வேகத்தில். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவது உங்கள் தாங்குவேகம், 100 மீட்டருக்கு. உதாரணமாக 8:52, 4:16 என்றால் வித்தியாசம் 4:36, பாதி 2:18. 100, 200 மீட்டர் தொகுப்புகளை அந்த வேகத்தில் செய்யலாம். 3 கிலோமீட்டருக்கு அதைவிட 100-க்கு 3 முதல் 5 வினாடி மெதுவாக.

கை எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும் என்று கையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு சறுக்குவது இன்னொரு பொறி. சறுக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் சாகிறது, அதை மறுபடி எழுப்ப அதிக பலம் போகிறது. மூச்சுகளுக்கு இடையிலான நேரமும் நீள்கிறது. தொப்பிக்குள் செருகும் டெம்போ பீப்பர் (ஒவ்வொரு கைக்கும் ஒரு பீப் ஒலி கொடுக்கும் சிறு கருவி) கிடைத்தால் 1.20 வினாடியில் ஆரம்பியுங்கள், அது நிமிடத்துக்கு 50 கை. பிறகு 1.15, 1.10. ஒவ்வொன்றிலும் 4×50 நீந்தி, நேரத்தையும் மூச்சையும் பாருங்கள். கை வேகம் கூடியும் மூச்சு எளிதானால் அதுவரை நீங்கள் அளவுக்கு மீறிச் சறுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள்.

நுரைதள்ளி:

திறந்த தண்ணில போறதுக்கு முன்னாடி சில விஷயம், குளத்துல இது தெரியாது.

இரு பக்க மூச்சு அங்கதான் கைகொடுக்கும். அலை வலப்பக்கம் இருந்து வந்தா இடப்பக்கம் மட்டும்தான் மூச்சு, மணிக்கணக்குல கூட. வெயில் கண்ணுல அடிச்சாலும், பக்கத்துல படகு புகை விட்டாலும் இதே கதை. அதனால பழகும்போது 3 கைக் கணக்கைத் தூக்கிப் போட்டுடாதீங்க, இடது பக்கத்தைத் தயாரா வெச்சிருங்க. ஒலிம்பிக்ல 2008-ல இருந்து 10 கிலோமீட்டர் பந்தயம் நடக்குது. அதைப் பாத்தீங்கன்னா அவங்க எந்தப் பக்கம் போட்டியாளர் இருக்காரோ அதுக்குத் தக்கபடி பக்கம் மாத்துறது தெரியும்.

திசை பாக்கிறதையும் மூச்சையும் ஒண்ணாக்காதீங்க. தலையைத் தூக்கி முன்னால பாத்துக்கிட்டே வாயால மூச்சு இழுத்தா இடுப்பு ஒரேயடியா இறங்கும். முன்கை தண்ணியப் பிடிச்சு இழுக்க ஆரம்பிக்கும்போது கண்ணை மட்டும் தண்ணி மட்டத்துக்கு மேல கொண்டுவாங்க, வாய் உள்ளயே இருக்கட்டும். பாத்த உடனே தலை பக்கவாட்டுல திரும்பி மூச்சு. அமைதியான தண்ணின்னா 12, 15 கைக்கு ஒரு தடவை, அலை இருந்தா 6, 8 கைக்கு ஒரு தடவை. ஒரு பார்வைல மிதவை தெரியலன்னா அங்கேயே தலையைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் தேடாதீங்க, அலை உங்களைத் தூக்கும்போது அடுத்த பார்வை. குளத்துல ஒரு லெங்த்துக்கு மூணு தடவை இதைப் பண்ணிப் பழகலாம்.

தண்ணி குளிர்ச்சியா இருந்தா இறங்கின முதல் ஒண்ணு, ரெண்டு நிமிஷம் மூச்சு உங்க கட்டுப்பாட்டுல இருக்காது, தானாத் திணறி இழுக்கும். அப்போ நீந்த ஆரம்பிச்சா அந்த இழுப்புல தண்ணி உள்ள போகும். மெதுவா இறங்கி, முகத்தையும் பிடரியையும் நனைச்சு, மூச்சு அடங்குறவரை மிதந்துட்டுக் கிளம்புங்க. வெட்சூட் (குளிருக்குப் போடுற, உடம்போட ஒட்டின ரப்பர் உடை) போட்டா கால் தானா மிதக்கும், புல் பாய் மாதிரியே. ஆனா நெஞ்சுல இறுக்கமா இருந்தா மூச்சை அதுவே கெடுக்கும். குளத்துல ஒரு தடவை முழு தூரம் போட்டுப் பாக்காம புதுசை மாட்டிக்கிட்டுப் போகாதீங்க.

ஒண்ணு மட்டும் அலட்சியம் பண்ணக்கூடாது. வழக்கமான உழைப்புக்கு மீறி மூச்சு முட்டி, விடாம இருமல் வந்து, நெஞ்சுல கொரகொரன்னு சத்தம் கேட்டு, இளஞ்சிவப்பு நுரையோட சளி வந்தா அது களைப்பு இல்ல. நுரையீரல்ல நீர் கோக்குது. நீந்துறவங்களுக்கு, முக்கியமா குளிர்ந்த தண்ணில, இது வரும். மல்லாந்து மிதந்து கையை உயர்த்திப் படகைக் கூப்பிடுங்க, வெளிய வந்து உடனே மருத்துவரைப் பாக்கணும். உக்காந்தா சரியாயிடும்னு மறுபடி இறங்கக் கூடாது.

கரையோரம்:

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளரங்கக் குளத்தில் மட்டும் இருமலும் வீசிங்கும் வந்து, திறந்த நீரில் வரவில்லை என்றால் நீச்சல் முறையைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். குளோரினும் வியர்வையும் சேர்ந்து உருவாகும் குளோரமைன் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் தேங்கி நிற்கும், மூச்சு எடுக்கும் வாய் இருப்பதும் அங்கேதான். காற்றோட்டமுள்ள குளம் மாற்றுங்கள், ஆஸ்துமா இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

மெதுமீன்:

கிக் போர்டு சோதனை பண்ணினேன். கெண்டைக்கால் சொன்னது சரி, கிட்டத்தட்ட நின்ன இடத்துலயே நிக்கிறேன். கணுக்காலும் 2 கிக்கும்தான் முதல் வேலை. கடைசியா ஒண்ணு: மூக்குக்கு நேரா மேல போற சென்டர் ஸ்நார்க்கல் வாங்கலாமா? மூச்சுப் பிரச்சினையே இல்லாம கையைச் சரிபண்ணலாம்னு தோணுது.

கெண்டைக்கால்:

கைக்கு நல்லது. தலையைத் திருப்பாததால கை நடுக்கோட்டைத் தாண்டுதான்னு நீங்களே பாக்கலாம், 2 கிக்கோட நேரத்தையும் நிதானமாப் பிடிக்கலாம். மூச்சுக்கு அது எதையும் கத்துத் தராது, ஏன்னா உங்க கோளாறு திரும்பும்போதுதான் வருது. மொத்த தூரத்துல கால் பங்குக்கு மேல போகாமப் பாத்துக்குங்க. 50 மீட்டர் ஸ்நார்க்கல்ல நீந்தினா அடுத்த 50 அது இல்லாம, முன்கை அதே இடத்துல நிக்குதான்னு பாத்துக்கிட்டு. குழாய்ல வாயால இழுத்து மூக்கால விடுங்க. டர்ன் அடிச்சா குழாய்ல தண்ணி ஏறும், மேல வந்ததும் ஒரு அழுத்தமான ஊதல், அப்புறம்தான் இழுக்கணும். முதல்ல மூக்குல தண்ணி ஏறுற மாதிரி இருந்தா மூக்கு கிளிப் போட்டுக்கலாம், அப்போ விடுறதும் வாயாலதான்.